ஸ்டெப்னியைக் கழற்றலாமா?

டாக்டர் பதில்கள்

கிட்னி மாற்று ஆபரேஷன் முடிந்தவர்களிடம் கேள்வி கேட்கச் சொல்லியிருந்தேன். புதுக் கிட்னியைப் பற்றிக் கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன். வந்த கடிதங்களில் பாதி பழைய கையைப் பற்றி! ஆகவே இந்த முறை முழுக்க ‘டயாலிசிஸ் கை’தான்.

? டயாலிசிஸுக்காக என் கையில் ஃபிஸ்டுலா வைத்தார்கள். ஊரில் சொன்னால், “பவுத்திரமா? அது எப்படிக் கைக்கு வந்தது?” என்கிறார்கள்.
– ஆட்டோ ஓட்டுநர், திருவாரூர்

“அட்ரஸ் மாறி வந்துவிட்டது” என்று சொல்லிவிடுங்கள். ஃபிஸ்டுலா என்பது லத்தீன் சொல். குழல் என்று பொருள். உடம்புக்குள் இரண்டு இடங்களுக்கு நடுவே புதிதாக ஒரு வழி திறந்துகொண்டால் டாக்டர்கள் அதற்கு இந்தப் பெயரை வைப்பார்கள். ஆசனவாய்ப் பக்கம் தானாகத் திறந்தால் பவுத்திரம். உங்கள் கையில் இருப்பதோ சர்ஜன் வேண்டுமென்றே திறந்த வழி. மணிக்கட்டிலோ முழங்கை மடிப்பிலோ தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்துவிடுவார்கள். தமனியின் வேகம் சிரைக்குள் பாயும். நூல்போல இருந்த சிரை சில வாரங்களில் சுண்டுவிரல் கனத்துக்குத் தடித்துவிடும்.

டயாலிசிஸ் மெஷினுக்கு நிமிடத்துக்குச் சுமார் 300 மில்லி ரத்தம் வேண்டும். நர்ஸ் தட்டித் தட்டிப் பார்த்து “நரம்பு கிடைக்கலையே” என்று உதடு பிதுக்குகிற சாதாரண சிரை அதற்குத் தாங்காது. (சிரைக்கும் நம் ஊரில் நரம்பு என்றுதான் பெயர். அந்த வழக்கை இன்னொரு நாள் விசாரிக்கலாம்.)

? தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைக்கலாம் என்ற விபரீத யோசனை யாருக்கு முதலில் வந்தது?
– கல்லூரி மாணவி, கோவை

ஊசி குத்திப் பழகிய ஒருவருக்கு. அவருக்கு முன்பே, 1960-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்கிரிப்னர், தமனியில் ஒரு குழாய், சிரையில் ஒரு குழாய் என்று செருகி, இரண்டையும் தோலுக்கு வெளியே இணைத்து வைத்தார். அதுவரை சில தடவைக்கு மேல் செய்ய முடியாதிருந்த டயாலிசிஸை வருடக்கணக்கில் செய்ய முடிந்தது. ஆனால் வெளியே தொங்கும் குழாயில் ரத்தம் உறையும், கிருமி புகும், தூக்கத்தில் கழன்றும் போகும்.

நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனையில் ஜேம்ஸ் சிமினோ என்ற டாக்டர் இருந்தார். மாணவராக இருந்தபோது ரத்தம் எடுக்கும் வேலை பார்த்தவர். கையில் பட்டையைக் கட்டினால் சிரை எப்படிப் புடைத்து எழும் என்று விரலால் அறிந்தவர். பட்டை கட்டாமலே சிரையை நிரந்தரமாகப் புடைக்க வைத்தால் என்ன என்று அவரும் சக டாக்டர் பிரெஷியாவும் யோசித்தார்கள். சர்ஜன் ஆப்பெல் 1965-ல் தைத்துக் கொடுத்தார். 1966-ல் கட்டுரை வெளியானது. வெளியே ஒரு குழாயும் கிடையாது. உங்கள் ரத்தக்குழாய், உங்கள் தோல். அறுபது வருடமாகியும் இதை விஞ்சிய வழி வரவில்லை.

? எனக்குக் கிட்னி மாற்றி இரண்டு வருடம் ஆகிறது. கிட்னியின் வேலையைக் காட்டும் கிரியேட்டினின் 1.1. இன்னும் ஏன் இந்தக் கையைச் சுமக்க வேண்டும்? வைத்திருந்தால் திரும்ப டயாலிசிஸுக்குப் போவேன் என்று அபசகுனமாக நினைக்கிறார் என் மாமியார்.
– இல்லத்தரசி, விருதுநகர்

காரில் ஸ்டெப்னி இருப்பதால் யாருக்கும் பஞ்சர் ஆனதில்லை. மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

மாற்றுக் கிட்னி ஆயுள் காப்பீடு மாதிரி கடைசிவரை வருவது சிலருக்குத்தான். பலருக்குப் பத்து, பதினைந்து வருடம். சிலருக்கு இன்னும் அதிகம். சிலருக்குப் பாவம், சீக்கிரமே நின்றுவிடும். அப்படி நின்றால் ஓடுகிற ஃபிஸ்டுலா கையில் இருப்பவர் மறுநாளே டயாலிசிஸ் நாற்காலியில் உட்காரலாம். இல்லாதவருக்குக் கழுத்தில் குழாய் போட வேண்டும். கிருமித் தொற்று நுழையக் கழுத்துக் குழாயைப் போல ராஜபாட்டை வேறு இல்லை. புதிதாக ஃபிஸ்டுலா வைத்தால் அது தடித்துப் பயனுக்கு வர ஒன்றரை, இரண்டு மாதம். சிலருக்குத் தடிக்காமலே போகும். சர்க்கரை நோயும் வயதும் சேர்ந்துவிட்டால் இரண்டாவது முறை நல்ல சிரை கிடைப்பதே அபூர்வம். அதனால்தான் டாக்டர்கள் “இருக்கட்டுமே” என்கிறார்கள்.

? இருக்கட்டும் என்று நீங்கள் எளிதாகச் சொல்கிறீர்கள். அது இதயத்தைக் கெடுக்கும் என்று பிஸியோதெரபி படித்த என் மருமகன் சொல்கிறாரே?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தென்காசி

மருமகனுக்கு ஒரு சபாஷ். சாதாரண ஸ்டெப்னி டிக்கியில் சும்மா கிடக்கும். இந்த ஸ்டெப்னி இரவும் பகலும் சுற்றிக்கொண்டே இருக்கும், பெட்ரோலும் குடிக்கும்.

கணக்கைப் பாருங்கள். உங்கள் இதயம் ஓய்வில் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது. மணிக்கட்டுத் தமனியில் சாதாரணமாக ஓடுவது 20, 30 மில்லிதான். ஃபிஸ்டுலா தைத்த பிறகு அதே வழியில் 600 மில்லிக்கு மேல் ஓடும். முழங்கைக்கு மேலே வைத்த ஃபிஸ்டுலாவில் சிலருக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர்கூட ஓடுகிறது. எந்த உறுப்புக்கும் பயன்படாமல், போன வேகத்தில் இதயத்துக்கே திரும்பி வருகிற ரத்தம் இது. இதயம் அதையும் சேர்த்துத்தான் தள்ள வேண்டும். கூலி இல்லாத ஓவர்டைம்.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரில் கிட்னி மாற்றி ஒரு வருடம் தாண்டி, கிட்னி நன்றாக வேலை செய்பவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு ஃபிஸ்டுலாவை மூடினார்கள்; மறு பாதிக்கு விட்டுவைத்தார்கள். கடைசிவரை வந்தவர்கள் 54 பேர். ஆறு மாதம் கழித்து எம்.ஆர்.ஐ.யில் பார்த்தால், மூடியவர்களுக்கு இதயத்தின் இடது கீழறைத் தசை சராசரியாக 22 கிராம் குறைந்திருந்தது. மூடாதவர்களுக்கு மாற்றமே இல்லை. 2019-ல் வெளியான ஆய்வு இது.

இங்கே மருமகனுக்கு ஒரு பிரேக்கும் போட வேண்டும். அந்த ஆய்வு அளந்தது இதயத் தசையின் எடையை. ஆயுள் கூடுமா என்று அளக்க 54 பேரும் ஆறு மாதமும் போதாது.

? அப்படியானால் மூடுவதா, வைப்பதா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.
– மளிகைக் கடைக்காரர், பட்டுக்கோட்டை

தராசில் எடை போட்டே பழகியவர் நீங்கள். இதையும் தராசில் வையுங்கள்.

மூடும் தட்டில்: படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, மல்லாந்து படுக்க முடியவில்லை, காலில் நீர் கோக்கிறது, எக்கோவில் இதயம் விரிந்திருக்கிறது, டாப்ளர் ஸ்கேனில் ஃபிஸ்டுலாவின் ஓட்டம் நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்டுகிறது, விரல்கள் ரத்தமில்லாமல் நோகின்றன, வீக்கத்தின் மேல் தோல் மெலிந்துவிட்டது.

வைக்கும் தட்டில்: கிரியேட்டினின் ஏறிக்கொண்டிருக்கிறது, ஏற்கெனவே உடல் கிட்னியை நிராகரிக்கப் பார்த்தது, வேறு நல்ல சிரை மிச்சமில்லை, ஓட்டம் அளவாக இருக்கிறது, இதயம் நன்றாக இருக்கிறது.

எந்தத் தட்டு தாழ்கிறதோ அதுதான் தீர்ப்பு. ஆபரேஷன் ஆன முதல் வருடத்தில், அவசரக் காரணம் ஏதும் இல்லாவிட்டால், மூடாமல் பொறுத்திருப்பது நல்லது. புதுக் கிட்னியின் குணம் தெரிய அவ்வளவு நாளாகும். அதற்குப் பிறகு நடுவே நிற்பவர்களுக்கு வருடம் ஒரு எக்கோ, தேவைப்பட்டால் டாப்ளர். “கையைப் பார்க்கவே பிடிக்கவில்லை” என்பதற்காக மட்டும் அவசரப்பட்டு மூடுவதும் தப்பு. “இருந்துவிட்டுப் போகட்டும்” என்று பத்து வருடம் திரும்பியே பார்க்காமல் இருப்பதும் தப்பு.

டாக்டர் உங்கள் ஃபிஸ்டுலாவைச் சில விநாடி அழுத்திக்கொண்டே நாடியை எண்ணினால் பயப்படாதீர்கள். ஓட்டத்தைத் தடுத்ததும் நாடித்துடிப்பு சட்டென்று குறைந்தால், இதயம் எவ்வளவு பாரம் சுமந்திருக்கிறது என்று அவருக்குப் புரியும். 1875-லிருந்தே தெரிந்த வித்தை. வீட்டில் மச்சானை வைத்துச் செய்து பார்க்காதீர்கள்.

? இரவில் இடது கையைத் தலைக்குக் கீழே வைத்தால் காதுக்குள் ரைஸ் மில் ஓடுகிறது. தூக்கமே வரவில்லை.
– நெல் வியாபாரி, தஞ்சாவூர்

மில் ஓடினால் கரண்ட் இருக்கிறது என்று அர்த்தம்! ஆனால் கையைத் தலைக்குக் கீழே வைத்துத் தூங்காதீர்கள். உங்கள் தலை ஐந்து கிலோ. அது அழுத்தினால் ரத்தம் உறையலாம். கையை வயிற்றின் மேல் வைத்துக்கொள்ளுங்கள், மில் தானாகத் தூரமாகிவிடும்.

? அந்த மில் சத்தத்தை எப்படிச் சோதிப்பது? ஆபரேஷனுக்குப் பிறகும் தினமும் பார்க்க வேண்டுமா?
– வங்கி ஊழியர், சேலம்

வைத்திருக்கும்வரை பார்க்க வேண்டும். பல் தேய்க்கும் நேரம்கூட ஆகாது.

முதலில் கண். சிவப்பு, வீக்கம், புதுப் பொருக்கு, தோலில் பளபளப்பு உண்டா? அடுத்து விரல். மறு கையின் விரல் நுனிகளைத் தழும்பின் மேல் லேசாக வையுங்கள். மடியில் படுத்திருக்கும் பூனையின் உறுமல்போல விடாத அதிர்வு தெரிய வேண்டும். அதிர்வு போய், கடப்பாரை இடிப்பதுபோல ‘டொக் டொக்’ என்று துடிப்பு மட்டும் இருந்தால், மேலே எங்கோ வழி சுருங்கியிருக்கலாம். மூன்றாவது காது. தாழ்ந்த குரலில் ‘வுஷ்… வுஷ்…’ என்று கேட்டால் சரி. விசில்போலக் கிறீச்சிட்டால் அதுவும் சுருக்கத்தின் அடையாளம்.

கடைசியாகக் கையை நெஞ்சு உயரத்துக்கு மேலே தூக்குங்கள். புடைத்த சிரை தளர்ந்து அமுங்கினால் நல்லது. தூக்கிய பிறகும் உருட்டுக் கட்டைபோல விறைத்தே நின்றால், ரத்தம் திரும்பிப் போகும் பாதையில் அடைப்பு என்று சந்தேகப்பட வேண்டும். இந்த நாலாவது சோதனையை நான் ஓ.பி.யில் முதலில் செய்வேன். காசு இல்லாத ஸ்கேன்.

? நேற்றுக் காலை தொட்டுப் பார்த்தேன். அதிர்வே இல்லை! ராத்திரியோடு ராத்திரியாக நின்றுவிட்டது. கிட்னியும் போய்விடுமா?
– தையல்காரர், ஈரோடு

போகாது. கிட்னி உட்கார்ந்திருப்பது அடிவயிற்றில். அதற்கு ரத்தம் வருவது வேறு குழாயிலிருந்து. கையில் கரண்ட் போனால் அங்கே விளக்கு அணையாது.

மாற்று ஆபரேஷனுக்குப் பிறகு ஃபிஸ்டுலா தானாகவே உறைந்து நின்றுபோவது அரிதல்ல. டயாலிசிஸில் இருப்பவருக்கு இது அவசரம்; ஓரிரு நாளுக்குள் திறக்கப் பார்க்க வேண்டும். உங்கள் கிட்னி நன்றாக ஓடினால் உயிருக்கு அவசரம் இல்லை. ஆனாலும் அன்றே உங்கள் கிட்னி டாக்டருக்குப் போன் செய்யுங்கள். கிரியேட்டினின் ஏறியிருப்பவருக்குத் திரும்பத் திறந்துவிடுவது புத்திசாலித்தனம், 1.1-ல் இருப்பவருக்கு “தானாக மூடிக்கொண்டது, நல்லது” என்று விட்டுவிடலாம். அதை முடிவு செய்ய வேண்டியவர் அவர்.

? எனக்கும் அப்படித்தான் நின்றது. சிரை கயிறு மாதிரி கெட்டிப்பட்டு, சிவந்து, விண்விண் என்று வலிக்கிறது. மெடிக்கலில் வலி மாத்திரை கேட்டு வாங்கிப் போட்டேன்.
– லாரி ஓட்டுநர், நாமக்கல்

எந்த மாத்திரை என்று நீங்கள் எழுதவில்லை. அதுதான் என் கவலை. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் கிட்னிக்குப் போகும் ரத்தத்தைக் குறைப்பவை. உடல் கிட்னியை நிராகரிக்காமல் இருக்க நீங்கள் சாப்பிடும் டாக்ரோலிமஸும் அதே வேலையை ஓரளவு செய்கிறது. இரண்டும் சேர்ந்தால் கை வலிக்குக் கிட்னியைக் கூலி கொடுத்த கதை. மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள், கிரியேட்டினினும் பார்த்துவிடலாம்.

உறைந்த சிரையின் வலி பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கும். பாராசிட்டமால், டாக்டர் சொன்ன அளவில் போதும். காய்ச்சல் வந்தாலோ, சிவப்பு பரவினாலோ, சீழ் தெரிந்தாலோ காத்திருக்காதீர்கள். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்குக் கிருமி முன்கூட்டித் தந்தி அடிக்காது.

? கழுத்தில் பெர்ம்கேத் என்ற டயாலிசிஸ் குழாய் போட்டிருந்தார்கள். கிட்னி மாற்றி ஒரு மாதம் ஆகிவிட்டது, இன்னும் எடுக்கவில்லை. இருந்தால் என்ன?
– ஆசிரியை, கடலூர்

ஃபிஸ்டுலா விஷயத்தில் “பார்க்கலாம்” என்றேன். இதில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை.

மாற்றிய கிட்னி சில சமயம் முதல் நாட்களில் தூங்கும். அது விழிக்கும்வரை டயாலிசிஸ் தேவைப்படலாம். அதற்காகத்தான் குழாயை உடனே எடுப்பதில்லை. கிட்னி ஒழுங்காக வேலை செய்கிறது, இனி டயாலிசிஸ் வேண்டாம் என்று தெளிவானதும் குழாய்க்கு அங்கே வேலை இல்லை. அதன் ஒரு முனை வெளியே, மறு முனை இதயத்தின் வாசலில். எதிர்ப்புச் சக்தி மிகக் குறைவாக வைக்கப்பட்டிருக்கும் மாதங்களில் கதவைத் திறந்து போட்டுத் தூங்குவதுபோல. அடுத்த விசிட்டில் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: “எப்போது எடுக்கிறீர்கள், டாக்டர்?” நடுவில் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் விசிட்டுக்குக் காத்திருக்காமல் அன்றே போங்கள்.

எடுப்பது சின்ன வேலை. தோலுக்கு அடியில் குழாயைச் சுற்றி ஒரு துணிப்பட்டை சதையோடு ஒட்டியிருக்கும். மரத்துப்போக ஊசி போட்டு அதை விடுவிப்பார்கள். தட்டையாகப் படுக்க வைத்து, குழாயை உருவும்போது மூச்சை அடக்கச் சொல்வார்கள். சிரைக்குள் காற்று போகாமல் இருக்கத்தான். சொன்னதும் அடக்குங்கள், அந்த நேரத்தில் சந்தேகம் கேட்க வாயைத் திறக்காதீர்கள்.

? எனக்கு வயிற்றில் குழாய் வைத்துச் செய்யும் டயாலிசிஸ், சி.ஏ.பி.டி. அதற்கும் இதே சட்டமா?
– பத்திர எழுத்தர், திருநெல்வேலி

அதே சட்டம், கொஞ்சம் நீண்ட வாய்தா. சில இடங்களில் மாற்று ஆபரேஷனோடு சேர்த்தே எடுத்துவிடுவார்கள். மற்ற இடங்களில் கிட்னி நிலைபெற்ற பிறகு, சில வாரங்களிலிருந்து இரண்டு மூன்று மாதங்களுக்குள். அதுவரை குழாய் வெளிவரும் இடத்தைத் தினமும் சுத்தம் செய்ய வேண்டும். பயன்படுத்தவில்லை என்பதற்காக மறந்துவிடக் கூடாது. வயிற்று வலியும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் அன்றே ஆஸ்பத்திரி.

? என் அப்பாவுக்குக் கையில் செயற்கைக் குழாய் வைத்து டயாலிசிஸ் செய்தார்கள். அது அடைத்தே நாலு வருடம் ஆகிறது. கிட்னியும் மாற்றியாச்சு. உள்ளே கிடப்பதை எடுக்க வேண்டுமா?
– மென்பொருள் பொறியாளர், சென்னை

பேசாமல் கிடந்தால் பெரும்பாலும் எடுப்பதில்லை. ஆனால் பேசாமல் கிடப்பவர்கள் எல்லாரும் சாதுக்கள் இல்லை. அடைத்துப்போன செயற்கைக் குழாயில் கிருமி வருடக்கணக்கில் ஒளிந்திருக்கும். மேலே சிவப்பு இருக்காது, வலி இருக்காது. காரணம் தெரியாத காய்ச்சல் மட்டும் விட்டு விட்டு வரும். அப்பாவுக்கு அப்படி வந்தால் டாக்டரிடம் நீங்களே நினைவூட்டுங்கள்: “கையில் பழைய குழாய் இருக்கிறது.” கேஸ் ஷீட்டின் நாற்பதாவது பக்கத்தில் இருப்பது எப்போதும் கண்ணில் படாது. கிருமி பிடித்தது உறுதியானால் மருந்து மட்டும் போதாது. குழாயை எடுத்தாக வேண்டியிருக்கும்.

? என் பெண்ணுக்கு 26 வயது. கிட்னி மாற்றி மூன்று வருடம். கையில் இரண்டு இடத்தில் எலுமிச்சம்பழம்போல வீக்கம். பெண் பார்க்க வருகிறார்கள், முழுக்கை ஜாக்கெட் போடச் சொன்னால் அழுகிறாள்.
– ஒரு தாய், காரைக்குடி

பெண் பக்கம்தான் நான். இறுக்கமான முழுக்கை ஜாக்கெட் ஃபிஸ்டுலாவுக்கு ஆகாது, இது மருத்துவக் காரணம். கிட்னி மாற்றியதைச் சொல்லாமல் கல்யாணம் பேசக் கூடாது, இது அதைவிடப் பெரிய காரணம். சொன்ன பிறகு கையை மறைக்க என்ன இருக்கிறது?

அந்த எலுமிச்சம்பழங்கள் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஊசி குத்தியதால் சுவர் நைந்து உப்பியவை. மேல்தோலை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு எழுந்தால் தோலில் இன்னும் கனம் இருக்கிறது. கிள்ளவே வராமல், பலூன்போல மெலிந்து பளபளத்தால், வெளுத்தால், மேலே ஆறாத பொருக்கு இருந்தால், மாதத்துக்கு மாதம் பெரிதானால் உடனே ரத்தக்குழாய் சர்ஜனிடம் போக வேண்டும். அப்படி எதுவும் இல்லாவிட்டாலும், இளம் பெண் தன் கையைப் பார்த்து வருந்துவது அற்பக் காரணம் இல்லை. கிட்னி நிலையாக இருந்தால் ஃபிஸ்டுலாவை மூடி வீக்கத்தையும் எடுத்துவிட முடியுமா என்று கேட்க அவளுக்கு முழு உரிமை உண்டு. கேட்க வேண்டியவள் அவள்; கூட உட்கார வேண்டியவர் நீங்கள்.

? எங்கள் ஊர் வைத்தியர் மூலிகை எண்ணெய் தேய்த்து அந்த முடிச்சைக் கரைத்துவிடலாம் என்கிறார்.
– விவசாயி, தர்மபுரி

கரையப்போவது முடிச்சு இல்லை, தோல். வீக்கத்துக்குள் ஓடுவது தமனியின் வேகத்தில் வரும் ரத்தம். அழுத்தித் தேய்த்தால் உறையலாம். தோல் மெலிந்திருந்தால் கிழியலாம். வைத்தியருக்கு வணக்கம் சொல்லிவிட்டு எண்ணெயைத் தலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவர் குடிக்கக் கஷாயம் ஏதும் கொடுத்தால், உங்கள் கிட்னி டாக்டரைக் கேட்காமல் ஒரு மடக்குகூட வேண்டாம்.

? கிழிந்தே விட்டால்? பயமாக இருக்கிறது.
– பெயர் வேண்டாம், மதுரை

பயப்படுவதை விடுங்கள், பழகிக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லாரும் இதை ஒரு தடவை ஒத்திகை பார்க்க வேண்டும்.

ரத்தம் பீறிடும் அந்தப் புள்ளியின் மேலேயே விரலை வைத்து அழுத்த வேண்டும். நடுங்கும் கைக்கு விரல் நிற்காவிட்டால் தண்ணீர் பாட்டில் மூடியின் குழிந்த பக்கத்தைப் புள்ளியின் மேல் கவிழ்த்து அழுத்தலாம். கையை நெஞ்சுக்கு மேலே தூக்க வேண்டும். படுத்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் 108-ஐ அழைக்க வேண்டும். தனியாக இருந்தால் ஸ்பீக்கரில் போட்டு நீங்களே. துண்டு மேல் துண்டாகச் சுற்றுவதால் ரத்தம் நிற்காது. எவ்வளவு போகிறது என்பது கண்ணுக்கு மறைந்துவிடும், அவ்வளவுதான். “நின்றுவிட்டதா?” என்று நிமிடத்துக்கு ஒரு தடவை விரலை எடுத்துப் பார்க்கவும் கூடாது.

இன்னொன்று. பொருக்கு உதிர்ந்து கொஞ்சமாகக் கசிந்து தானாக நின்றுவிட்டது என்றால் நிம்மதியாகத் தூங்கப் போகாதீர்கள். பெரிய கசிவுக்கு முன் வரும் சின்ன மணி அது. அன்றே ஆஸ்பத்திரி.

? ஃபிஸ்டுலா இருக்கும் கையின் விரல்கள் சில்லென்று ஆகி நீலம் பாய்கின்றன. ஏ.சி. காரணமா?
– ஜவுளிக் கடை ஊழியர், திருப்பூர்

ஏ.சி. என்றால் இரண்டு கையும் சில்லிட வேண்டும். ஒரு கை மட்டும் என்றால் உள்வீட்டுத் திருட்டு. விரலுக்குப் போக வேண்டிய ரத்தத்தை ஃபிஸ்டுலா வழியிலேயே மடக்கிக்கொள்கிறது. வாய்க்கால் தலைமடையில் உடைத்துக்கொண்டால் கடைமடை வயல் காய்வதுபோல. சர்க்கரை நோயாளிகளிடம் அதிகம். மரத்துப்போவது, வேலை செய்தால் வலி, விரல் நுனியில் ஆறாத புண் – எது இருந்தாலும் சீக்கிரம் காட்டுங்கள். பிடி தளர்ந்தாலோ நுனி கறுத்தாலோ அன்றே. உங்களுக்குப் புதுக் கிட்னி ஓடுகிறது என்றால் மடையை அடைத்துவிடுவதே நேரான வழி.

? ரத்தப் பரிசோதனைக்குப் போனால் லேப் பையன், “சார், இந்தக் கையில் நல்லா பெருசா தெரியுது” என்று ஃபிஸ்டுலாவிலேயே ஊசி போட வருகிறான்.
– தபால்காரர், ராமநாதபுரம்

நெடுஞ்சாலையைப் பார்த்ததும் வண்டி ஓட்டப் பழகும் ஆசை! விடாதீர்கள். டயாலிசிஸ் பழகியவர்களுக்கு மட்டும்தான் அந்தக் கை. அதில் பி.பி. பட்டையும் வேண்டாம், டிரிப்பும் வேண்டாம்.

மறு கையிலும் புறங்கையில் எடுக்கச் சொல்லுங்கள். மாற்று ஆபரேஷனுக்குப் பிறகு டாக்ரோலிமஸ் அளவு, கிரியேட்டினின் என்று வருடத்துக்கு எத்தனை ஊசி! எல்லாம் முழங்கைச் சிரையில் குத்தினால், நாளை இன்னொரு ஃபிஸ்டுலா தேவைப்படும்போது அந்தச் சிரை தழும்பாகிவிட்டிருக்கும். சேமிப்புக் கணக்கு மாதிரி நினையுங்கள். தினசரிச் செலவுக்கு அதில் கை வைக்கக் கூடாது.

? மூடும் ஆபரேஷன் பெரியதா?
– பூக்கடைக்காரர், ஸ்ரீரங்கம்

வைத்த ஆபரேஷனைவிடச் சுலபம். பெரும்பாலும் கையை மட்டும் மரத்துப்போக வைத்து, சின்னதாகக் கீறி, இணைப்பைக் கட்டிவிடுவார்கள். பலர் அன்றே வீடு திரும்புகிறார்கள். வீக்கத்தையும் வெட்டி எடுப்பதென்றால் தையல் நீளும். கட்டினால் மட்டும் போதும் என்று விட்டால் மீதிச் சிரை சில வாரம் கெட்டிப்பட்டு வலிக்கலாம். சிலருக்கு ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறும், வீட்டில் பி.பி. பார்த்து எழுதி வையுங்கள்.

முழுக்க மூடாமல், ஒரு பட்டை கட்டி ஓட்டத்தைக் குறைக்கும் முறையும் உண்டு. ஸ்டெப்னியும் இருக்கும், பெட்ரோலும் குறையும். ஓட்டம் அதிகம், ஆனால் வருங்காலம் நிச்சயமில்லை என்பவர்களுக்கு இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

? மகளுக்கு வளைகாப்பு. அவளுடைய ஃபிஸ்டுலா கையிலும் வளையல் அடுக்கலாமா?
– பாட்டி ஆகப்போகிறவர், கும்பகோணம்

வாழ்த்துகள்! மறு கையில் முழங்கை வரை அடுக்குங்கள். இந்தக் கையில் சாஸ்திரத்துக்கு ஒன்று, தளர்வாக. விழா முடிந்ததும் கழற்றிவிடுங்கள். கர்ப்பத்தில் இதயம் ஏற்கெனவே இருவருக்காக உழைக்கிறது, ஃபிஸ்டுலா மூன்றாவது ஆளாக நிற்கிறது. எக்கோ எடுத்தாகிவிட்டதா என்று கேளுங்கள்.

? பன்னிரண்டு வருடம் ஓடிய கிட்னி இப்போது தளர்கிறது. ஃபிஸ்டுலாவை ஆறு வருடம் முன்பே மூடிவிட்டேன். தப்பு செய்துவிட்டேனா?
– அச்சக உரிமையாளர், சிவகாசி

இல்லை. ஆறு வருடம் உங்கள் இதயம் ஓவர்டைம் பார்க்கவில்லை. அதுவும் லாபக் கணக்குதான். இனி நேரத்தைத் தவறவிட்டால்தான் தப்பு. கிட்னியின் வேலை இருபது சதவீதத்தை நெருங்கும்போதே, டயாலிசிஸா, இன்னொரு மாற்று ஆபரேஷனா, டயாலிசிஸ் என்றால் எந்த வழி என்று பேசத் தொடங்குங்கள். இரண்டு கையிலும் சிரைகளை ஸ்கேன் செய்து பார்த்து, புது ஃபிஸ்டுலா வைத்தால் தடிக்க நாள் இருக்கும். “இன்னும் கொஞ்சம் ஓடட்டும்” என்று தள்ளிப் போட்டு, ஒரு நள்ளிரவில் மூச்சுத் திணறிக் கழுத்துக் குழாயோடு தொடங்கியவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அந்த வரிசையில் நீங்கள் நிற்க வேண்டாம்.

? எல்லாவற்றையும் படித்தேன். தலை சுற்றுகிறது. ஒரே வரியில் சொல்லுங்களேன்.
– பஸ் கண்டக்டர், திண்டுக்கல்

தினமும் தொட்டுப் பாருங்கள், வருடம் ஒரு முறை எக்கோ எடுங்கள், அந்த ரிப்போர்ட்டை டாக்டர் மேஜையில் வைத்து “இந்த ஃபிஸ்டுலா இன்னும் வேண்டுமா?” என்று நீங்களே கேளுங்கள்.